மடத்துக்கு வர நினைக்கிற பிள்ளைக்கும் அவளின் அம்மாவுக்கும்

போன வருடம் உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஒரு பிள்ளை தாயையும் கூட்டிக்கொண்டு எங்கள் கன்னியர் மடத்துக்கு வந்தாள். இலங்கையின் வடக்கே, பூநகரிப் பக்கத்துப் பிள்ளை. தாய் கதிரையின் நுனியில் இருந்தார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. பிள்ளைதான் கதைத்தாள்.

"சிஸ்டர், எனக்குச் சேவை செய்யோணும். அதுதான் மடத்துக்கு வர யோசிக்கிறன்."

"சேவை செய்யிறதுக்கு மடத்துக்கு வரத் தேவையில்லையே பிள்ளை. நேர்சா போகலாம், மிட்வைஃபா போகலாம், ரீச்சரா வரலாம். சம்பளமும் வரும், அம்மாவையும் பார்க்கலாம்" என்றேன்.

அப்போதுதான் தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. அவளைத் திருப்பி அனுப்புவதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. அதே சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் நானும் இந்த வாழ்க்கைக்குள் வந்தேன். அது போதாது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் எடுத்தது. அன்று அந்த இருவரோடும் கதைத்ததையும், நேரம் இல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் புதுக்குடியிருப்புப் பக்கம் பிறந்தவள். 1996இல் கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது எங்கள் வளவில் நான்கு குடும்பங்கள் தறப்பாள் கட்டி இருந்தார்கள். அந்தக் காலத்தில் வன்னி முழுக்க மலேரியா. தம்பிக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. நிலத்தில் பாய் போட்டுக் கிடத்தினோம். அங்கே வயதான ஒரு சிஸ்டர் இரவிரவாக வரிசையாகக் கிடந்த பிள்ளைகளுக்கு ஈரத்துணி வைத்துக்கொண்டு திரிந்தார். விடியப்புறம் அம்மா கண்ணயர்ந்த நேரம் தம்பியின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு செபமாலை சொன்னார். தம்பி தப்பிவிட்டான். அந்தச் சிஸ்டரின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. இவரைப்போல வரவேண்டும் என்று அன்று நினைத்தேன். அவருடைய கைகளைத்தான் பார்த்தேன். அந்தச் செபமாலையை நான் கணக்கில் எடுக்கவில்லை.

2002 சித்திரையில் (ஏப்ரலில்), போரால் பூட்டிக் கிடந்த, வன்னியால் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தது. அந்த வருடமே யாழ்ப்பாணம் போய்க் கன்னியர் சபை ஒன்றில் சேர்ந்தேன்.

வேலை எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. கிணற்றில் அள்ளி வளர்ந்தவளுக்குத் துவைப்பதும் கூட்டுவதும் சமைப்பதும் என்ன பெரிய காரியம்? காலை ஐந்து மணிக்கு மணி அடிக்க எழும்பி, கட்டளைச் செபம் முடிந்து, ஒரு மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் நற்கருணைக்கு முன்னால் இருப்பதுதான் முடியாமல் இருந்தது. கால் விறைக்கும். மனம் அடுப்படிக்கு ஓடும். யாரும் கேட்கும் முன்னமே எழும்பி ஏதாவது வேலையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு செய்வேன். எல்லாரும் மெச்சுவார்கள் என்று நினைத்திருந்த ஒரு நாள், நவதுறவுக்கு, அதாவது வாக்குக் கொடுக்க முன் துறவற வாழ்க்கையைப் பழகும் காலத்துக்கு, பொறுப்பாக இருந்த சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ வேலைக்குள்ள ஒளிக்கிறாய் பிள்ளை. உன்னை வேலை கூப்பிட்டதோ, ஆண்டவர் கூப்பிட்டவரோ?"

எனக்கு அழுகை வந்தது. பதில் வரவில்லை.

வடக்கில் எங்களைப் பார்க்கும் சனத்துக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. பியேர் பியன்வெனு நொவாய் என்ற குருவானவர் 1820இல் பிரான்சின் போர்தோ நகரில் தொடங்கிய திருக்குடும்ப சபையின் கன்னியர்கள் 1862இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். தமிழ் தெரியாத ஊர், அறியாத வெயில், ஊர் திரும்புவோம் என்ற நிச்சயம் இல்லாத கப்பல் பயணம். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்த சபைகளும் நடத்திய பள்ளிக்கூடங்களில் எத்தனையோ தலைமுறைப் பெண் பிள்ளைகள் படித்தார்கள். அதனால்தான் எங்கள் பக்கம் 'கொன்வென்ற்' என்றால் பள்ளிக்கூடம் என்றாகிவிட்டது. சிஸ்டர் என்றால் ரீச்சர், அல்லது ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்போடு நிற்பவர். உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்ரோபரில் துறவற வாழ்வைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், ஒவ்வொரு சபையும் நற்செய்திக்கும் தன்னைத் தொடங்கியவரின் முதல் எண்ணத்துக்கும் திரும்பிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. அதற்குப் பிறகுதான் பல சபைகள் பெரிய கட்டடங்களோடு நின்றுவிடாமல் மூன்று பேர், நான்கு பேராகக் கிராமங்களுக்குள் சின்ன வீடுகளில் போய் இருக்கத் தொடங்கின. நான் இருக்கும் மடமும் அப்படியானதுதான். ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு முன்பள்ளி, ஒரு ஸ்கூட்டி.

2005இல் முதல் வார்த்தைப்பாடு, அதாவது ஆண்டவருக்குக் கொடுக்கும் துறவற வாக்கு, எடுத்தேன். அடுத்த வருடம் வன்னிக்கு அனுப்பினார்கள். ஆவணியில் (ஓகஸ்டில்) போர் திரும்பவும் மூள, முகமாலையில் ஏ9 பாதை பூட்டப்பட்டது. 2008இலும் 2009இலும் போர் நெருங்க நெருங்க, சனத்தோடு சனமாக நாங்களும் நகர்ந்தோம். அதை இங்கே நீட்டி எழுத நான் விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெளியே போகக்கூடிய வழி ஒன்று வந்தபோது எங்கள் மதர் எங்களை ஒரு பங்கருக்குள் கூட்டி வைத்து, "இதில நான் கட்டளை போடமாட்டன். ஒவ்வொருத்தரும் செபிச்சிட்டு வந்து சொல்லுங்கோ" என்றார். கீழ்ப்படிதல் என்றால் சொன்னதைச் செய்வது என்றுதான் அதுவரை விளங்கி வைத்திருந்தேன். சொல்வதற்கு யாரும் இல்லாத இடத்தில் கேட்க வேண்டியவரைக் கேட்பது என்று அன்று விளங்கியது. ஒருவர் வருத்தக்காரியான வயதான சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்; அதுவும் சரியான முடிவுதான். மற்றவர்கள் நின்றோம்.

2009 ஆவணி (ஓகஸ்ட்) 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். சாகும்வரைக்கும் என்று எடுக்கும் நித்திய வார்த்தைப்பாடு வரைக்கும் நாங்கள் ஒவ்வொரு வருடமும் வாக்கைப் புதுப்பிக்க வேண்டும். இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரு கூடாரத்துக்குள், தண்ணீர்க் கானைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் துணி விரித்துப் பூசை வைத்தார் சுவாமி. வார்த்தைப்பாட்டுப் புத்தகம் எங்கேயோ கைவிட்டுப் போயிருந்தது. மனத்தில் இருந்ததைச் சொன்னேன். "கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல்" என்று சொல்லும்போது, அந்தக் கூடாரத்தில் இருந்த எல்லாருமே ஏழைகள், எல்லாருமே வரிசையில் நிற்கச் சொன்னால் நிற்பவர்கள் என்ற எண்ணம் வந்தது. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதை நான் விரும்பிக் கொடுப்பதாகச் சொல்கிறேன். அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டால் என் ஏழ்மைக்கு ஒரு அர்த்தமும் இல்லை. இன்றும் அந்தத் திருநாள் வரும்போது அந்தக் கூடாரத்துக்குத்தான் மனம் போகும்.

மீள்குடியேற்றம் தொடங்கியது. நாங்களும் ஒரு கிராமத்துக்குத் திரும்பினோம். தகரக் கொட்டில்கள், கூரை போன கோயில், தூர்ந்த கிணறுகள். அப்போதுதான் நான் திரும்பவும் பழையபடி வேலைக்குள் போய் ஒளித்தேன்.

முதல் பிழை தையல் மெசின். கணவரை இழந்த பத்துப் பெண்களுக்குப் பத்து மெசின் எடுத்துக் கொடுத்தோம். வெளியில் இருந்து நல்ல மனத்தோடு ஆட்கள் அனுப்பிய காசு. சின்னக் கிராமம். பத்துப் பேரும் தைத்தால் யார் தைக்கக் கொடுப்பது? ஒரு வருடத்துக்குள் ஆறு மெசின் விற்கப்பட்டுவிட்டது. அதில் ஒரு பெண், விதவை, மூன்று பிள்ளைகள். பின்னொரு நாள் சொன்னார்: "சிஸ்டர், எனக்குக் கச்சான் போடுறதுக்கு வேலி அடைக்கத்தான் காசு தேவைப்பட்டது. நீங்கள் கேக்கேல்லை." அவருடைய வளவில் மாடு புகுந்து எல்லாவற்றையும் மேய்ந்துவிடும். முள்ளுக்கம்பி மூன்று சுருள் இருந்தால் போதுமாயிருந்தது. அன்றிலிருந்து எங்கள் மடத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: ஒருவருக்கு என்ன உதவி என்று முடிவெடுக்க முன் குறைந்தது மூன்று முறை அந்த வீட்டுக்குப் போக வேண்டும், முதல் முறை கொப்பி பேனை கொண்டுபோகக் கூடாது. அந்த வருடங்களில் அவர்களுடைய வாசலுக்குப் படிவத்தோடு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. பேனையைக் கண்டாலே சனம் எத்தனை பேர் செத்தது, எத்தனை பேர் காயம் என்று ஒப்பிக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது பிழையை எழுதக் கை கூசுகிறது. ஆனால் புதிதாக வரும் சிஸ்டர்மாருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

கத்தோலிக்கருக்குக் கார்த்திகை (நவம்பர்) இறந்தவர்களின் மாதம். 2ஆம் திகதி ஆத்துமாக்களின் திருநாள். வீட்டுக்கு வீடு இறந்தவர்களின் பெயர்களை எழுதி வாங்கி, பூசையில் வாசித்து, மாதம் முழுக்க அவர்களுக்காக மன்றாடுவோம். மீள்குடியேறிய பின் வந்த முதல் கார்த்திகையில் பெயர்களைத் தொகுக்கும் வேலை என்னுடையது. வேகமான ஆள் நான். ஒரு தாயின் குடும்ப விபரம் என் கொப்பியில் ஏற்கெனவே இருந்தது: கணவர், மகள், மகன். மூன்று பெயரையும் பட்டியலில் எழுதிவிட்டேன். கணவரும் மகளும் ஷெல்லில் இறந்தவர்கள். மகன் காணாமல் போனவன்.

பூசையில் அந்தப் பெயர் வாசிக்கப்பட்டபோது அந்தத் தாய் எழும்பினார். சத்தம் போடவில்லை. கோயிலின் நடுவால் நடந்து வெளியே போனார். பூசை முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். வேப்பமரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"அவன் செத்தவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது சிஸ்டர்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் திரும்பவும் கேட்டார்: "இல்லை, ஆராவது உங்களிட்டச் சொன்னவையோ? தெரிஞ்சால் சொல்லுங்கோ." கோபத்தை என்னால் தாங்கியிருக்க முடியும். அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை. எனக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ என்ற ஆவல். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்று மாதம் அவர் கோயிலுக்கு வரவில்லை. நான் கிழமைக்கு ஒருமுறை அவருடைய வீட்டுக்குப் போனேன். முதல் சில கிழமை படலையடியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். பிறகு உள்ளே வரச் சொன்னார். கதை இல்லை. அவர் கச்சான் உடைப்பார், நானும் இருந்து உடைப்பேன். மடத்துக்குத் திரும்பி வந்து கோவிலில் இருக்கும்போது, நவதுறவில் பேசாமல் இருக்கப் பழகிய அந்த ஒரு மணித்தியாலம் எதற்கென்று அப்போதுதான் பிடிபட்டது. ஆண்டவருக்கு முன்னால் ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரியாத ஒருத்தியால் அந்தத் தாய்க்கு முன்னாலும் இருக்க முடியாது. ஏதாவது சொல்லித் தேற்றப் பார்த்திருப்பாள். "எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்" என்று சொல்லிவிட்டு எழும்பியிருப்பாள்.

ஐந்தாவதோ ஆறாவதோ மாதம் அவரே சொன்னார்: "அவனுக்காகச் செபியுங்கோ. ஆனா ஆத்துமத்துக்கு எண்டு செபியாதேங்கோ." அன்றிலிருந்து எங்கள் மடத்தில் மாலைச் செபத்தின் மன்றாட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு என்று தனியாக ஒரு இடம் இருக்கிறது. பெயர் சொல்லி, 'எங்கிருந்தாலும்' என்ற சொல்லோடு. கார்த்திகைப் பட்டியலை ஒவ்வொரு குடும்பமும் தன் கையாலேயே எழுதித் தர வேண்டும். நாங்கள் ஒரு பெயரும் சேர்ப்பதில்லை.

2017 மாசி (பெப்ரவரி) 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பதில் கேட்டுத் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அவரும் போனார். நாங்களும் முறை வைத்துப் போய் இருந்தோம். தண்ணீர், விசிறி, மருந்து கொண்டுபோனோம். சைவ அம்மாக்களும் வேத (கிறிஸ்தவ) அம்மாக்களும் ஒரே பந்தலுக்குக் கீழே. அங்கே செபம் நடத்தப் போகாதே என்று எங்கள் மதர் சொல்லித்தான் அனுப்பினார். கேட்டால் மட்டும் செபித்தோம்.

இனிப் பிள்ளைக்கும் தாய்க்கும் தேவையான நடைமுறை.

சபைக்குச் சபை ஒழுங்குகள் வித்தியாசப்படும். ஆனால் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் எல்லாருக்கும் பொதுவான எல்லைகளை வைத்திருக்கிறது. 17 வயது முடியாமல் நவதுறவில் சேர்க்க முடியாது. நவதுறவு ஆகக் குறைந்தது 12 மாதம். பிறகு எடுக்கும் முதல் வார்த்தைப்பாடு தற்காலிகமானது. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் ஆகக் குறைந்தது மூன்று வருடம் அப்படி இருக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும். நான் 2002இல் போனவள், 2011இல்தான் நித்திய வார்த்தைப்பாடு எடுத்தேன். ஆகவே அம்மாமாரே, பிள்ளை இன்றைக்குப் போனால் நாளைக்கே எல்லாம் முடிந்துவிடுகிறது என்று பயப்படாதேங்கோ. நவதுறவில் இருப்பவள் எந்த நாளும் வீட்டுக்குத் திரும்பலாம். தற்காலிக வாக்கின் காலம் முடியும்போதும் திரும்பலாம். திரும்பி வந்தால் ஊர் கதைக்கும் என்று சொல்லி அவளை அங்கேயே இருக்கச் செய்யாதேங்கோ. என்னோடு சேர்ந்த ஏழு பேரில் மூன்று பேர் திரும்பினார்கள். மூவரும் நல்ல குடும்பமாக இருக்கிறார்கள், மடத்தில் பழகிய செபத்தை விடாமல்.

ஞானஸ்நானச் சான்றிதழும் உறுதிபூசுதல் சான்றிதழும் தேவைப்படும். போரில் பங்குப் பதிவேடு அழிந்த இடங்களில் இதற்கு நாள் எடுக்கும்; பங்குச் சுவாமியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கோ. உயர்தரத்தை முடிக்காமல் வராதே பிள்ளை. வீட்டில் சண்டை என்று வராதே. ஒரு பொடியனோடு கதை குழம்பியது என்று வராதே. வெளிநாடு போகலாம் என்ற நினைப்பு உள்ளுக்குள் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லு. ஒரே சபையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதே. சில சபைகள் பள்ளிக்கூடத்தில், சில ஆஸ்பத்திரியில், சில எங்களைப்போலக் கிராமத்தில், சில வெளியே வராமல் செபத்திலேயே. எங்கே போய்ப் பார்த்தாலும் வேலையைப் பார்க்காதே. இரவுச் சாப்பாட்டு மேசையைப் பார். அந்தச் சிஸ்டர்மார் ஒருவரோடு ஒருவர் எப்படிக் கதைக்கிறார்கள், வயது போனவரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார். நீ தெரிந்தெடுக்காத மூன்று பேரோடு, அவர்களுடைய குறட்டை, கோபம், உப்புக் கூடிய குழம்பு எல்லாவற்றோடும் வாழப் போகிறாய். ஷெல்லுக்குள் இருந்த காலத்தைவிட, சமாதான காலத்தில் ஒரு சிஸ்டரோடு எட்டு மாதம் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்த காலம்தான் என் அழைத்தலை அதிகம் அசைத்தது.

காசைப் பற்றியும் கேட்க வேண்டும். கேட்க வெட்கப்படாதேங்கோ. சிஸ்டர் ஒருவர் உழைக்கும் சம்பளம் முழுக்கச் சபையின் பொதுப் பணம். அவருக்கு வேண்டியதைச் சபை கொடுக்கும். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் உன்னுடைய சொத்து இருந்தால் அதைப் பராமரிக்கும் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டின் சட்டத்திலும் செல்லுபடியாகும்படி உயில் எழுத வேண்டும். எங்கள் பக்கம் பெண் பிள்ளைக்குச் சீதனம் என்று காணி ஒதுக்கும் வழக்கம் இருப்பதால் இதைக் குடும்பத்தோடு இருந்து முதலே கதைத்து முடியுங்கோ. பிறகு அண்ணன் தம்பிமாருக்குள் பிரச்சினை வரும்.

எனக்கு வலித்ததும் இந்த இடத்தில்தான். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா, கட்டக் கட்டப் பகுதி பகுதியாகக் கொடுத்தார்கள். பயனாளிதான் நின்று கட்ட வேண்டும். நான் என் கிராமத்தில் மற்றவர்களுக்கு மேசன் தேடிக்கொடுத்துக்கொண்டு திரிய, என் அப்பா அங்கே அத்திவாரத்தோடு நின்றுபோய்த் தகரத்துக்குக் கீழே இருந்தார். கையில் என்னுடையது என்று சொல்ல ஆயிரம் ரூபா இல்லை. மதரிடம் போய் அழுதேன். அவர் இரண்டு கிழமை லீவு தந்து, "போய்க் கல் தூக்கு" என்றார். போய்த் தூக்கினேன். ஏழ்மை என்ற வாக்கை அப்பாவும் என்னோடு சேர்ந்து எடுத்திருக்கிறார் என்பது அந்த இரண்டு கிழமையில்தான் எனக்குத் தெரிந்தது. தாய் தகப்பனைப் பார்க்க வேறு பிள்ளை இல்லாத வீடு என்றால், சேர முன்னமே சபைப் பொறுப்பாளரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிப் பதில் கேளுங்கோ.

அன்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தாய், ஆறிப்போன தேத்தண்ணியைக் கடைசியில் எடுத்துக் குடித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சிஸ்டர், எனக்கு ஏதும் எண்டால் இவளை விடுவினமோ?"

"விடுவினம் அம்மா. வருசத்துக்கு ஒருக்கால் லீவிலையும் வருவாள். எங்கட சபையில அப்பிடித்தான்" என்றேன். அவருடைய கண் கலங்கியது. மூத்தவனைப் போரில் இழந்தவர். இரண்டாவதையும் கொடுக்கச் சொல்லிக் கேட்பது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும் என்று நம்புகிறேன்.

பிள்ளையிடம் ஒரு வேலையும் கொடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் பின்னேரம் வந்து, முன்பள்ளிக்கு இல்லை, கோவிலுக்குள் அரை மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டுப் போகச் சொன்னேன். முதல் நாள் பத்து நிமிடத்தில் எழும்பி வந்து, "சிஸ்டர், முத்தத்தைக் கூட்டட்டோ?" என்று கேட்டாள். விளக்குமாற்றை நான் கொடுக்கவில்லை. இப்போது ஏழு மாதம் ஆகிறது. பஸ் இல்லாத நாளில் தாய்தான் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறார். வாசலில் நிற்காமல் அவரும் உள்ளே வந்து, பின் வாங்கில், மகளுக்கு இரண்டு வாங்கு தள்ளி இருக்கிறார்.